கரையானுக்கு நோட்டீஸ்

முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுக் கரையானைக் கொன்றவர் மூவாரிலேயே, ஏன், இந்த ஜொகூர் மாநிலத்திலேயே எங்கள் நோட்டீஸ் அண்ணன் ஒருவர்தான். பூச்சி மருந்தடிக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஆபீஸ் கிராணியாக ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே மருந்தடிப்பவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டுவார். நாளைக்கு மருந்தடிக்க வருகிறேன், பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிவிடுங்கள் என்று சுவரிடம் பணிவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். மறுநாள்தான் மருந்து. இதைப் பார்த்த ஒரு சீன அம்மா, தன் வீட்டில் பேய் இருக்கிறதா என்று எனக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். கரையான்தான் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. கூண்டில் மாட்டும் எலிகளையோ வேனில் ஏற்றி, நல்ல செம்பனைத் தோட்டமாகப் பார்த்து இறக்கிவிடுவார். கம்பெனி வேன் என்ன எலிகளுக்கு டாக்சியா என்று பாஸ் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி. கையெழுத்து வாங்க நானும் கூடப் போயிருந்தேன். இரவு வேலை முடித்த நேபாளத்துப் பையன்கள் அடுக்குக் கட்டில்களில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டல் சூப்பர்வைசர் நம் தமிழர்தான்.

"எழுப்பாதீங்கண்ணே, ராத்திரி திரும்ப வேலைக்குப் போவணும். அப்படியே அடிச்சிட்டுப் போங்க லா. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

நோட்டீஸ் அண்ணன் முதுகிலிருந்த மருந்து டாங்கியை இறக்கிவைத்தார். ஒவ்வொரு பையனாகத் தோளைத் தொட்டு எழுப்பினார். உடைந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். புரியாதவர்களுக்கு, மூட்டைப்பூச்சி கடித்தவர் போல உடம்பெல்லாம் சொறிந்து நடித்துக் காட்டினார். பையன்கள் சிரித்துக்கொண்டே மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். அன்றிரவு பாதிப் பேர் வேலையில் தூங்கி வழிந்தார்களாம். தொழிற்சாலைக்காரர்கள் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாஸ் கொதித்துப்போய் அவரைக் கூப்பிட்டார். பூச்சிக்கும் பாவம் பார்க்கிறீர்கள், மனிதனுக்கும் பாவம் பார்க்கிறீர்கள், உங்களுக்கு ரெண்டும் ஒன்றுதானா என்று கேட்டார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணு இல்ல பாஸ். பூச்சிகிட்ட சொல்றது என் மனசு கேக்காமத்தான். சொல்லிட்டு அடிச்சிடுறேனே. அந்தப் பையனுங்க எழுந்து, எங்களுக்கு ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டா, நான் என்னா பதில் சொல்றது?"

பாஸ் முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார். வேலையை விட்டு மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது அவர் ஸ்கூடாயில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் அங்கே மார்க்கெட்டில் எதிர்ப்பட்டார். ஏன்மா இப்படி இளைத்துப்போனாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். என் பிள்ளைகள் காரில் காத்திருந்து ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.