மணப்பெண் கேட்ட முப்பத்திரண்டு

‘ஆம்’ என்று அழுத்திய பிறகுதான், கேள்வி என்ன என்பதை டீஜே படித்தான்.

‘ஒரே பாட்டு இரண்டு இடங்களில் இருந்தால், புதிய பிரதியை அழித்துவிடலாமா?’ என்று லேப்டாப் பணிவாகத்தான் கேட்டிருந்தது. பதில் கிடைத்ததும் அது ஒரு நொடியும் தயங்கவில்லை. பச்சைக்கோடு ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி முடிந்தபோது, ‘மணப்பெண் விருப்பம்’ என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டர் கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக இருந்தது.

மணி பத்தரை. வரவேற்பு சாயங்காலம் ஐந்துக்கு.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். சனி, ஞாயிறுகளில் மட்டும் டீஜே. ஆனால் தெருவே அப்படிக் கூப்பிட்டுப் பழகி, இப்போது கூரியர்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரிக்கிறார். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பட்டத்துக்கு மரியாதை கொஞ்சம் குறைவு.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போச்சு?” மனைவி உதட்டில் இரண்டு குண்டூசிகளோடு வாசலில் நின்றாள்.

“ஒண்ணுமில்ல. பாட்டையெல்லாம் ஒழுங்குபடுத்திட்டிருக்கேன்.”

“படுத்துங்க, படுத்துங்க. மேஜை பாத்துட்டேதான் இருக்கு.”

அவள் தையல்காரி. துணி வெட்டுவதற்காக அவள் செய்யச் சொன்ன மேஜை வந்து நான்கு நாட்களாகிறது. நடையில், சுவரில் சாய்ந்து, நான்கு கால்களையும் அந்த அறைப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஒரு அறை. அதில் இப்போதைக்கு ஸ்பீக்கர்களும் ஒயர்களும் குடியிருக்கின்றன. ஒரு பிறந்தநாள் விழாவில் அவன் தவறுதலாக ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டைப் போட்டு, கேக் வெட்ட வந்தவர்களைக் கண்கலங்க வைத்த பிறகு ஒப்பந்தம் ஒன்று உண்டாயிற்று.

“இந்த வரவேற்பு நல்லபடியா முடிஞ்சா ரூம் உங்களுக்கு. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். சொதப்புச்சுன்னா ஸ்பீக்கர் பரண்மேல, மேஜை உள்ள.”

வரவேற்பைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். மணப்பெண்ணின் அக்கா அவளுடைய வாடிக்கைக்காரி. மணப்பெண்ணின் கவுனே இவள் கைவேலை.

டீஜே அந்த அக்காவிடம் தொழில் முறைப்படி போனில் கேட்டிருந்தான். “என்னென்ன போடணும், என்னென்ன வேணாம், எழுதி அனுப்பிடுங்க.” ஒரு காகிதத்தின் போட்டோ வந்தது. ஓடிக்கொண்டே எடுத்திருப்பார் போல, மேல்பக்கம் முழுக்கக் கட்டைவிரல். கீழே முத்து முத்தான கையெழுத்தில் முப்பத்திரண்டு பாட்டுகள்.

“எல்லாமே பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின பாட்டா இருக்கு” என்று அன்றைக்கே மனைவியிடம் ஆச்சரியப்பட்டிருந்தான்.

“அந்தப் பொண்ணா? என்கிட்ட கவுன்ல ஒரு பட்டன்கூடப் பழசு வரக்கூடாதுன்னு சொன்னாளே.”

“துணி வேற, பாட்டு வேற. ரசனை உள்ள பொண்ணு.”

ரசனை உள்ள பொண்ணுக்காக மூன்று வாரம் உழைத்தான். தேடி வாங்கி, சத்தத்தைச் சமப்படுத்தி, தாளத்தை எண்ணி, எந்த இடத்தில் நுழைந்து எந்த இடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் குறி வைத்திருந்தான். அதைத்தான் இப்போது ஒரு ‘ஆம்’ விழுங்கிவிட்டது.

பரவாயில்லை, பழைய பிரதிகள் வெளி டிஸ்க்கில் இருந்தன. டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் லேப்டாப்பிடம் உண்டு, இல்லாவிட்டால் அது புதியதை அழித்திருக்குமா? டீஜே தன்னைத் தேற்றிக்கொண்டு, துணித்துண்டுகளுக்கு அடியிலிருந்து டிஸ்க்கைத் தோண்டி எடுத்தான். ப்ளக் பாயிண்டில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. அதைப் பிடுங்கினால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். ஒரு மல்டி பிளக்கை மாட்டி இரண்டையும் சேர்த்தே சொருகினான்.

டப் என்றது. வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

“என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல.”

“நல்லவேளை, பெட்டி கவுன்மேல இல்ல. கவுன்மேல மட்டும் இருந்திருந்தா, பரண்ல ஸ்பீக்கரோட நீங்களும் இருந்திருப்பீங்க.”

ஃபியூஸைப் போட்டு வந்து பார்த்தபோது, டிஸ்க் பல்லைக் கடிக்கும் சத்தம் போட்டது. ‘படிக்க முடியவில்லை’ என்றது லேப்டாப். டீஜே ஒயரைக் கழற்றி மறுபடி சொருகினான், அதே பதில். சவுண்டு சர்வீஸ் நண்பனுக்குப் போன் அடித்தான்.

“இதுக்கா பதறுற? மீட்டுக் குடுக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு அனுப்புறேன். போனதெல்லாம் திரும்ப வந்துடும்” என்றான் நண்பன்.

நண்பன் சொன்ன சொல் தவறாதவன். போனது எல்லாமே திரும்ப வந்தது. அந்த டிஸ்க்கில் என்றைக்கோ இருந்து, என்றைக்கோ அழித்தவையும் சேர்ந்து பதினோராயிரம் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். எது பாட்டு, எது குப்பை என்று காதில் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றில் மிருதுவாக இசை தொடங்கியது, அது வங்கிக்காரர்கள் காத்திருக்கச் சொல்லும் இசை. இன்னொன்றில் மனைவியின் குரல், “இடுப்பு முப்பத்தாறு, கை பதினாலரை” என்றது. ஒன்றில் அவனே பாடியிருந்தான். அதை மட்டும் உடனே அழித்தான்.

இரண்டரை மணிக்குத் தொள்ளாயிரம் கோப்புகளைக் கடந்திருந்தபோது, ரயில் விசில் ஒன்று கேட்டது. பின்னாலேயே ஒரு பெண் குரலின் முனகல். பட்டியலில் ஏழாவது பாட்டு. டீஜேவுக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒன்று கிடைத்த தைரியத்தில், மிச்சத்தை மண்டபத்தில் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் மொத்தமாகப் பென்டிரைவில் ஏற்றினான். இன்றைக்கான மற்ற பாட்டுகளும் அந்தப் பென்டிரைவில்தான் இருந்தன. பாதியில் இடம் போதவில்லை என்று அது திக்கி நின்றது. மணி மூன்றேமுக்கால். பொறுமை போய் வெடுக்கென்று பிடுங்கினான். மறுபடி சொருகியபோது அது தன்னை யார் என்றே சொல்லவில்லை.

கடைசியாக மிஞ்சியது, சாவிக்கொத்தில் தொங்கும் அவசரப் பென்டிரைவ். எல்லா டீஜேக்களும் வைத்திருக்கும், எந்த விழாவுக்கும் பொருந்தும் ஆட்டப் பாட்டுகள். அதில் ஏழாவது பாட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். முப்பத்திரண்டில் ஒன்று.

மண்டபத்தில் முதல் பாட்டுக்கே நான்கு பேர் எழுந்து ஆடினார்கள். மூன்றாவது பாட்டில் நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். டீஜேவுக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“செமயா போகுது தம்பி” என்றார் பக்கத்தில் விளக்குகளை இயக்கிக்கொண்டிருந்தவர்.

“அவங்க குடுத்த லிஸ்ட்லேர்ந்து ஒண்ணுகூடப் போடலண்ணே.”

“யாரும் கேக்கலியே.”

“அதான் பயமா இருக்கு.”

ஆறரைக்கு மணப்பெண்ணின் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

“அண்ணே, சொன்ன மாதிரியே பண்றீங்க. ரொம்ப தேங்க்ஸ்.”

இப்படிச் சிரித்துக்கொண்டே குத்திக்காட்டுகிற ஒருவரை டீஜே வாழ்நாளில் பார்த்ததில்லை. “இல்லங்க, அது வந்து...”

“லிஸ்ட் ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்குங்க.”

“கடைசிவரைக்கும் மறந்துடாதீங்க.” தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் சுட்டது.

கடைசி நாற்காலி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஆடுகிற கூட்டமும், சுற்றுகிற கவுனும்தான். எட்டு மணி நெருங்கும்போது அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அறை அவனுடையது. அப்படியே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. நம்பி எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு ஒரு பாட்டாவது போடாமல் மூட்டை கட்டிக்கொண்டு போவதா? டீஜே மைக்கை எடுத்தான். நாள் முழுக்க இல்லாத தெளிவு குரலில் வந்திருந்தது.

“இந்தக் கடைசிப் பாட்டு மணப்பெண்ணுக்காக. அவங்க மனசுக்கு ரொம்ப நெருக்கமான பாட்டு. மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் நடுவுல வாங்க.”

விளக்குக்காரர் வெளிச்சத்தை இருவர்மேலும் குவித்தார். ரயில் விசில் ஊதியது. பெண் குரல் முனகத் தொடங்கியது.

மணப்பெண் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் தோளிலிருந்து அவள் கை தானாக இறங்கியது. முன்வரிசையில் அவளுடைய அம்மா, “ஐயோ” என்று நாற்காலியில் சரிந்தார். யாரோ ஒரு பெரியவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் அவசரமாக எதையோ விளக்க ஆரம்பித்தார். பின்வரிசையில் மனைவியின் கட்டைவிரல் மெதுவாகக் கீழே இறங்குவதை டீஜே பார்த்தான்.

அக்கா ஓடி வந்தார். கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை, முழுக் காகிதத்தை, உருவி அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“‘இதுல ஒண்ணுகூடப் போடக்கூடாது’ன்னு மேல கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே அண்ணே, இது முப்பத்திரண்டும் அவளோட முதல் கல்யாணத்துல போட்ட பாட்டு.”