கொய்ங் அண்ணன் பெண் பார்த்த கதை

கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் எதிர்வீட்டுக் கொய்ங் அண்ணன்தான். எங்கள் ஊர் பிள்ளையார்பாளையமே வேர்த்து வழியும்போது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதற்குள் பைக் பேட்டரி, இரண்டு டிரான்சிஸ்டர், அவரே கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர். கொய்ங் என்று சத்தம் வரும், பல்பு எரியும்.

கடையில் இன்வெர்ட்டர் விற்கிறதே என்று கேட்டால் போச்சு. "அது டப்பாபா. இதுதான் சர்க்யூட்டு!" என்பார். ஒருமுறை என் வீட்டு ஃபேனை அதில் மாட்டினார். அது சுற்றாமல் உறுமியது. "பாடுது பாரு!" என்று பூரித்துப்போனார்.

இந்தச் சத்தத்தைக் கேட்டே வந்த வரன்களெல்லாம் கழன்றுகொண்டன. கடைசியாக ஊர்க்கோடியில் ஒரு நெசவுக் குடும்பம் சம்மதித்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண் தேடுவதில்லை என்று அண்ணனின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அண்ணனோடும் அவர் அம்மாவோடும் பெண் பார்க்க நானும் போனேன். அண்ணன் கையில் மஞ்சள் பை. பூவும் பழமும் என்று நினைத்துப் பெண்ணின் அம்மா ஆசையாக வாங்கினார். கை தோளோடு இறங்கிவிட்டது. உள்ளே பேட்டரிப் பெட்டி!

பஜ்ஜி வந்தது. உடனே கரண்ட் போனது. ஜன்னலில்லாத தறிக்கூடம், கும்மிருட்டு. அண்ணன் எழுந்து நின்று, பெண்ணின் அப்பாவுக்குப் பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, பேட்டரி கரண்ட்டு ஒரே பக்கமா ஓடும். டிரான்ஸ்பார்மருக்கு அது ஆவாது, போய் வந்துக்கினு இருக்கணும். கோர்வைப் புடவைக்குத் தறியில ரெண்டு பேர் குந்திக்கினு இங்கயும் அங்கயும் நூல் நாடா எறியறாங்க இல்ல? இந்த ரெண்டு டிரான்சிஸ்டரும் அப்படித்தான். ஒருத்தன் எறிஞ்சா இன்னொருத்தன் சும்மா இருப்பான். 'உன் முறை முடிஞ்சிது, அவனை எறிய விடு'ன்னு இந்தச் சின்ன கம்பிச் சுத்து சொல்லும். மொதல்ல யாருன்னு கேளுங்க. ரெண்டுல எவன் அவசரக்காரனோ அவன்!"

செல்போன் வெளிச்சத்தில் சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லை. மறுபடி தட்டினார். மாமா தொண்டையைக் கனைத்தார். அண்ணனின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். பாவமாக இருந்தது.

காபித் தட்டோடு கதவோரம் நின்றிருந்த பெண், சுமதி, கேட்டாள்.

"அந்தச் சின்ன சுத்தை எப்ப மாட்டுனீங்க?"

"காலையிலதான். உங்க வூட்டுக்கு வரோமேன்னு புதுசா சுத்துனேன்."

"அவசரத்துல முனையை மாத்திக் கட்டிட்டீங்களோ என்னமோ. எறிய வர்றவனையே அது நிறுத்திக்கினு இருந்தா எப்படி? திருப்பிக் கட்டிப் பாருங்க."

திருப்பிக் கட்டினார். கொய்ங்! பல்பு எரிந்தது. அண்ணன் அதையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு இங்க நிக்குது. பல்பையே பார்த்துக்கினு இருக்கீங்க?" என்றாள் சுமதி. அப்போதுதான் மனுஷன் திரும்பிப் பார்த்தார். மாமா சிரித்துவிட்டார். கல்யாணம் முடிவானது.

இப்போது அண்ணன் வீட்டில் ஒருத்தர் பேசினால் இன்னொருத்தர் சும்மா இருக்கிறார். முதலில் ஆரம்பிக்கும் அவசரக்காரர் அண்ணன்தான். என் வீட்டுக்கும் கடை இன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஆனாலும் கரண்ட் போனால் அதைக் கொஞ்சநேரம் அணைத்துவைப்பேன். எதிர்வீட்டில் கொய்ங் என்று கேட்கும், கூடவே சுமதி அண்ணியின் சிரிப்பும். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு விளக்குப் போடவே மனசு வருகிறது.