பலீலுக்குப் பதிலாக நான்

என் வாழ்க்கையில் இரண்டரை மணித்தியாலம் நான் தண்டனை அனுபவித்திருக்கிறேன். குற்றம் பலீலுடையது. என்ன குற்றம் என்று இன்றுவரை தெரியாது; கேட்கவும் வெட்கம்.

நான் ஓ.எல். பரீட்சையோடு, பதினாறு வயதில் படிப்பை நிறுத்திய வயல்காரன். ஊர் இணக்க சபையில் ஒரு கதிரை கிடைத்ததும் தலை சற்று வீங்கிவிட்டது. (ஊர் வழக்கைத் தீர்க்கிறவன் நாலு எழுத்துப் படித்திருக்க வேண்டாமா?) அட்டாளைச்சேனையில் சனிக்கிழமைகளில் நடந்த குற்றவியல் வகுப்பில் சேர்ந்தேன். சிறைக்கு அனுப்பாமல் ஊருக்கு வேலை செய்ய வைக்கும் தண்டனையை நேரில் பார்த்து, குற்றவாளியைச் சமூகம் எப்படி நடத்துகிறது என்று எழுதி வரச் சொன்னார் விரிவுரையாளர்.

நிந்தவூரில் ஊராரை அடக்கும் எங்கள் மையவாடியில் அப்படி நான்கு பேர் புல் வெட்டுவதாக அறிந்து, நண்பகல் லுஹர் தொழுத கையோடு கொப்பியும் தூக்கிக்கொண்டு போனேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள்.

"நேரத்தோட வந்துருங்க. மானத்த வாங்கிராதீங்க" என்று மனைவி வாசல்வரை வந்து சொன்னாள்.

மதிலில் உட்கார்ந்து எழுத மனம் வரவில்லை. வாப்பாவின் கபுறடியை யாரோ துப்புரவாக்க, மகன் கொப்பியில் கோடு போடுவதா? சாரனை மடித்துக் கட்டி, கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். நன்மைதானே!

நால்வரில் ஒருவனான பலீல் தலைகளை எண்ணினான். என்னோடு ஐந்து. ஒன்று கூடுதல். "காக்கா, மீன்கறி ஆறிரும். இந்தா வாறன்" என்று என்னை அண்ணனாக்கிவிட்டு, பின்மதிலால் பாய்ந்துவிட்டான்.

சற்று நேரத்தில் மேற்பார்வை உத்தியோகத்தர் வந்தார். அன்றுதான் புதிதாக வந்தவர், ஒருவரையும் தெரியாது. தாளில் நான்கு பெயர், எதிரே நான்கு ஆள். மூவர் பெயர் சொன்னார்கள்.

"அப்ப நீங்கதான் பலீல்."

வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவன் குனிந்து, "காக்கா, அவன் பாஞ்சது தெரிஞ்சா மறுகா கோட்டுக்குக் கொண்டுபோய் மறியல்ல அடைச்சிருவாங்க. மூணு புள்ளக்காரன். அல்லாவுக்காகச் சும்மா வெட்டுங்க" என்றான்.

பொய் சொல்லப் பயம். உண்மை சொல்ல அதைவிடப் பயம். வெட்டினேன்.

"பலீல், இடுப்பு கொஞ்சம் வளையட்டும்!" என்றார் உத்தியோகத்தர்.

வீதியால் போன ஹாஜியார் ஒருவருக்குச் சலாம் சொன்னேன். பதில் சொல்ல வாயெடுத்தவர், உத்தியோகத்தரைக் கண்டதும் தென்னைமரத்தைப் பார்த்தார். சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. மரம் சொல்லியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். விரிவுரையாளரின் கேள்விக்கு விடை எழுத இனிக் கொப்பியே தேவையில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். நல்ல காரியத்துக்கு முன்பு தன் உம்மாவின் கபுறடியில் துஆக் கேட்க வந்த மனிதர், என் முன்னால் வந்து நின்றார்.

"இவரு...?"

"இவர் பலீல். கொஞ்சம் சோம்பல். மத்தபடி நல்ல மனிசன்" என்றார் உத்தியோகத்தர்.

என்னைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார். "அப்பிடியா" என்றுவிட்டு ஓட்டோவில் ஏறினார். என் மகளின் கல்யாணம் அந்த ஓட்டோவில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். (தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது.)

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்போது பலீல் மதிலால் குதித்தான், சரியாக உத்தியோகத்தரின் காலடியில்.

"நீங்க ஆரு?"

"பலீல் சேர். காக்காவுக்குச் சோறு கொண்டந்த."

எல்லாம் வெளிவந்தது. கெஞ்சிக் கூத்தாடியதில் பலீல் எச்சரிக்கையோடு தப்பினான். அன்றைய வேலையை இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். நான் வெட்டிய புல் எதிலும் சேர்த்தியில்லை.

தொழுதுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மனைவியின் கண் வீங்கியிருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கதிரையில் இருந்தார்.

"சம்மந்தம் வேணாம் எண்டு மொகத்துக்கு நேர சொல்லிட்டுப் போக வந்த. குத்தம் செஞ்சது போகட்டும், பேரையுமா மாத்துற?"

ஒன்று விடாமல் சொன்னேன். தொப்பி கீழே விழும்வரை சிரித்தார்.

"என்ட மகன் கல்யாணம் முடிச்சா ஒங்கட ஊட்டதானே வந்து இரிக்கப் போறான். அவன் செய்ற குத்தத்துக்கும் நீங்களே போவீங்கதானே? அப்ப நாளக் குறிங்க!"

அல்ஹம்துலில்லாஹ், கல்யாணம் நடந்தது. வீட்டில் எது பிழையாகப் போனாலும் "மாமா இரிக்காருதானே" என்பது மருமகனின் வழக்கம். போன வாரம் பேரன் பீங்கானைப் போட்டு உடைத்தான்.

"ஆரு உடைச்ச?" என்று மகள் கத்தினாள்.

"மூத்தாப்பா!" என்று தாத்தாவான என்னைக் காட்டினான் பேரன்.

நான் விளக்குமாற்றைத் தேடி எழும்பினேன்.