சித்திரைக்குள் இருபத்துநாலு பெட்டி

தங்கச்சாமி மாடி அறையில் காலடி வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கும்போது ஊர்க்காவலன் எடுத்த முடிவு இது. கோபத்தில் பிரஷ்ஷைக் கடித்துவிட்டார். இரண்டு நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அதற்கும் சேர்த்துத் தங்கச்சாமியின் மேல்தான் கோபம் வந்தது.

தங்கச்சாமி அவருடைய மச்சினன். செல்லக்கனியின் ஒரே தம்பி. சாத்தூரில் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறான். கட்டி முடிகிற வரைக்கும் சிவகாசியில் அக்கா வீட்டு மாடியில் இருந்துகொள்வதாக ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவர்கள் அக்காவும் தம்பியும். வீட்டுக்காரரான ஊர்க்காவலனுக்குத் தகவல் மட்டும் வந்தது, அதுவும் சட்னி ஊற்றுகிற நேரத்தில்.

"பேரிலேயே தங்க வச்சிருக்கான்," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "அது தங்கம்னு நெனச்சு ஏமாந்துட்டோம்."

அந்த அறையை அவர் விட்டுக்கொடுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. பகலெல்லாம் அவர் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவர். புலி, மயில், தாமரை. புலியின் மீசை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதைக்கூட முதலாளிதான் சொல்வார். மாடிக்கு வந்துவிட்டால் அவரே முதலாளி. அங்கே அவர் ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளத்தில் மாதிரி ரயில் பெட்டிகள் செய்தார். பெட்டியின் வெளிப்புறத்தை யாரும் செய்துவிடலாம். ஊர்க்காவலனின் உயிர் உள்ளே இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்து, த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டு எடுப்பார். அரை விரல் நீளத்தில் படுக்கை, ஈர்க்குச்சி மாதிரி ஏணி, மிளகளவு மின்விசிறி, கை கழுவும் தொட்டி. ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்கு எழுபத்திரண்டு படுக்கை. ஒரு பெட்டிக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார். அந்த ரயிலை யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. அதுதான் அதில் சுகமே.

நேராக அடுப்படிக்குப் போனார்.

"மாடியைத் தர முடியாது."

செல்லக்கனி தோசையைத் திருப்பினாள். "ஏன்?"

"ஆர்டர் வந்திருக்கு."

"என்ன ஆர்டர்?"

"ரயில் பெட்டிக்கு. உள்ள வைக்கிற சாமான் அம்புட்டும். ஜெர்மனியில இருந்து."

ஜெர்மனி என்ற சொல் எங்கிருந்து வந்து விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. இந்தத் தேதி வரைக்கும் பக்கத்துத் தெருவிலிருந்துகூட ஓர் ஆர்டர் வந்ததில்லை.

"ஜெர்மனியில யாரு?"

"வெர்னர்னு ஒருத்தர்."

"எத்தனை பெட்டி?"

"இருபத்துநாலு. ஒரு முழு ரயிலு."

"எப்பத் தரணுமாம்?"

"சித்திரைக்குள்ள."

செல்லக்கனி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டுப் போனை எடுத்தாள். "ஏலே தங்கச்சாமி, இப்ப வராத. அத்தானுக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கு. பொறு, நான் சொல்லுதேன்."

இவ்வளவு சுலபமா என்று ஊர்க்காவலன் ஆறு தோசை சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்து மாடிக்கு ஏறினால், வாசலில் மூன்று ஜோடி செருப்பு. உள்ளே அவருடைய மேசையைச் சுற்றி மூன்று பெண்கள். நடுவில் பின்தெருப் பத்திரகாளி, அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒற்றைமயிர்த் தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு.

விறுவிறுவென்று கீழே இறங்கினார். "என்ன நடக்கு மேல?"

"ஆர்டர்னா ஆளு வேண்டாமா? நீங்க ஒத்தை ஆளா எப்படி முடிப்பீக? அவுக கம்பெனியைச் சோதனைக்குன்னு பூட்டி மூணு வாரமாச்சு. சும்மா இருக்காக. பட்டாசுக்குத் திரி சொருகுன கை. பிசகாது."

"அது நுணுக்கமான வேலை."

"மருந்தை வச்சு அவுக பாக்கிறதைவிட நுணுக்கமா?"

வெர்னரே இல்லை என்பதுதான் அதற்குப் பதில். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். தங்கச்சாமியின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் ரயில் ஓட ஆரம்பித்தது, அவர் மேல். காலை ஐந்து மணிக்குச் செல்லக்கனி எழுப்புவாள், மிஷினைப் போட. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வரும், அடுத்த படுக்கை வரிசையை மிஷினில் ஏற்றுவதற்கு வரச் சொல்லி. சாயங்காலம் பெண்கள் நீலம் தீட்டியதைப் பெட்டிக்குள் பொருத்த வேண்டும்.

"எட்டாவது பெட்டி எங்க?" என்பாள் செல்லக்கனி.

"மிஷின் சூடாகுது."

"அதுக்கு டேபிள் ஃபேன் வச்சிருக்கேன். நீங்க சூடாகாதீக."

ஆனால் அவர் கொதித்துக்கொண்டுதான் இருந்தார். அச்சகத்தில் ஒரு புலிக்கு நீலம் தீட்டி அனுப்பிவிட்டார். முதலாளி அதைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குக் காய்ச்சலா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தக் கோபத்தையும் சுமந்துகொண்டு மாடி ஏறியபோதுதான் பத்திரகாளி கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இந்த மேல் படுக்கையில ஏறிப் படுத்தா தலை தட்டாதா?"

"உக்காந்தாத் தட்டும். படுத்தாத் தட்டாது. ஏன், போனதில்லையா?"

"ரயில்ல போயிருக்கேன். இதுல படுத்ததில்ல. கதவுப் பக்கம் நின்னுக்கிட்டே போறதுதான். அதான் கேட்டேன்."

ஊர்க்காவலன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஏணி எந்தப் படுக்கைக்கு, மடக்குகிற மேசை எந்தப் பக்கம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவள் ஒட்டிய ஏணிகள் அவர் ஒட்டியதைவிட நேராக நின்றன. பன்னிரண்டு வருஷப் பழக்கம் அவருக்கு. மறுபடியும் கோபம் வந்துவிட்டது.

பதினாறாவது பெட்டியோடு அவருக்குப் பொறுமை தீர்ந்தது. பெட்டிகள் முடிந்தால் எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வெர்னர் போயிட்டாரு."

"எங்க?"

"மேல."

செல்லக்கனி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "என்ன செஞ்சுச்சு அவருக்கு?"

"மாரடைப்பு."

"பிள்ளைக இருக்கா? அவுககிட்டப் பேசிப் பாப்பமே."

"பிள்ளை இல்ல."

"சம்சாரம்?"

"கல்யாணமே ஆகல."

"பாவம். கேக்க ஆளிருந்தா ரயிலு வாங்க விட்டிருப்பாகளா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுக்கவில்லை. "நம்மளை நம்பி ஆர்டர் குடுத்த மனுசன். ஒரு வாரமாவது சுத்தபத்தமா இருப்போம்," என்றாள் செல்லக்கனி. ஊர்க்காவலன் தன் கையால் கொன்றவருக்காகப் பூசணிக்காய்க் கூட்டைப் பிசைந்து சாப்பிட்டார். மாடியில் வேலை மட்டும் நிற்கவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால் போனவர் ஆத்மா சாந்தி அடையாது என்று அவளே சொல்லிவிட்டாள். செத்த பிறகு வெர்னர் இன்னும் கண்டிப்பான ஆளாகிவிட்டார்.

பங்குனி முடிவதற்கு நாலு நாள் முன்னால் இருபத்துநாலு பெட்டியும் தயாரானது. சனிக்கிழமை சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்தவர், இன்றைக்கு என்ன ஆனாலும் சரி, இருக்கிற கோபத்தையெல்லாம் கொட்டிவிடுவது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"நல்லாக் கேட்டுக்கோ. வெர்னர்னு ஒருத்தன் செத்ததுமில்ல, பொறந்ததுமில்ல. அம்புட்டும் பொய்யி. அந்த இருபத்துநாலையும் பரண்ல தூக்கிப் போடு."

"செருப்பைக் கழத்திட்டு வாங்க," என்றாள். "அது எனக்குத் தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"தோசை சுடும்போதே. ஜெர்மனிக்காரரு 'சித்திரைக்குள்ள'ன்னா கேப்பாரு?"

ஊர்க்காவலன் செருப்பைக் கழற்றினார். "தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏன் இந்தப் பாடு படுத்துன?"

"பத்திரகாளி வந்து வேலை கேட்டு ஒரு வாரமா நடந்துக்கிட்டிருந்தா. என்ன வேலை குடுக்கன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களா வந்து ஆர்டர்னு சொன்னீக. நான் அதை நிசமாக்குனேன், அவ்வளவுதான். மொதப் பெட்டி முடிஞ்சதுமே போட்டோ எடுத்துப் பெங்களூர்ல இந்தப் பொம்மை ரயிலு விக்கிற கடைக்கு அனுப்பிட்டேன். இருபத்துநாலும் இன்னைக்குக் காலையில லாரியில போயிருச்சு. அடுத்து ஏசி பெட்டி அம்பது கேக்காக. படுக்கைக்குத் திரைச்சீலையும் வேணுமாம்."

அவருக்கு ஒரு கணம் நெஞ்சு விரிந்தது. தன் படுக்கைகளை, தன் மிளகளவு மின்விசிறிகளை யாரோ விலை கொடுத்து வாங்குகிறார்கள். அடுத்த கணம் கோபத்தை எங்கே விட்டோம் என்று தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அம்பதா? அப்ப மாடி எனக்கு நிரந்தரமா வேணும். எழுதி வச்சுக்கோ."

"மாடி பத்தாதுங்க. பத்திரகாளி வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு கூடம் காலியா இருந்துச்சு, பிடிச்சுட்டேன். காத்தோட்டமா இருக்கு. மிஷின், மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் மத்தியானமே அங்கன போயிருச்சு. நீங்க காப்பியைக் குடிச்சுட்டு அங்கன போங்க. திரைச்சீலை எப்படி வரையணும்னு பத்திரகாளி சொல்லுவா."

ஊர்க்காவலன் பாதிப் படி ஏறி எட்டிப் பார்த்தார். அறை கழுவிவிட்டது மாதிரி இருந்தது. சுவரில் அவருடைய அலமாரி நின்ற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே தெருவில் ஒரு மினி லாரி வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்கள்.

"அத்தான், நல்ல நேரத்துல வந்தீக," என்றான் தங்கச்சாமி கீழேயிருந்து. "பீரோவைத் தலைப்பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க கால்பக்கம் தூக்குங்க."

"படியில பாத்து," என்றாள் செல்லக்கனி.

ஊர்க்காவலன் இறங்கி வந்து கால்பக்கம் தூக்கினார்.