அரியர் எழுதிய இயந்திரம்

எங்கள் மருதையாற்றுக் கலைக் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பட்டப்படிப்பு தொடங்குவதென்று முடிவானபோது, அந்தப் பாடம் தெரிந்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலை இல்லாமல் இருப்பவர் யார் என்றுதான் கேட்டார்கள். நான் இருந்தேன்.

நான் நிலவியல் துறை. துறை என்றால் நான் மட்டும்தான். அரியலூரைச் சுற்றி எங்கே பள்ளம் தோண்டினாலும் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் சங்கு கிடைக்கும். அதைப் பற்றிப் படிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த வருடம் ஒரே ஒரு பையன் சேர்ந்தான். அவனும் வணிகவியல் வகுப்பு என்று நினைத்து உட்கார்ந்தவன். விவரம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

முதல்வர் அறிவரசன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜெயசீலன் சார், பணிநிரவல் ஆணை வந்திருக்கு. மாணவர் இல்லாத ஆசிரியர எல்லாம் வேற ஊருக்கு அனுப்பறாங்க. உங்களுக்குக் கூடலூர். குளுகுளுன்னு இருக்கும்."

"எனக்கு ஆஸ்துமா சார். வீட்டுல அவங்களுக்கு ஆண்டிமடத்துல ஸ்கூல் வேல."

"அப்ப ஏஐ எடுத்துக்குங்க."

"எனக்குக் கல்லத் தவிர ஒண்ணும் தெரியாது சார்."

"அந்த மெஷினுக்குள்ள இருக்கிற சிப்பு எதுல செய்யறாங்க? சிலிகான்ல. சிலிகான் எதுல இருக்கு? மணல்ல. மணல் எந்தத் துறை?"

"நிலவியல்."

"அப்புறம் என்ன? தாய்த் துறையே நீங்கதான்."

கோப்பிலும் அப்படியே எழுதப்பட்டது: 'செயற்கை நுண்ணறிவு என்பது மணலின் உயர்நிலை வடிவம் என்பதைக் கருத்தில் கொண்டு, நிலவியல் பேராசிரியர் அதன் ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்படுகிறார்.'

பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்தேன். தெரியாத பாடத்தை எடுப்பது சரியா? தெரிந்த பாடத்தை இத்தனை காலம் எடுத்து என்ன ஆயிற்று? அதற்குள் அரியலூர் வந்துவிட்டதால் யோசனையை முடித்துக்கொண்டு இறங்கினேன்.

மனைவி அம்சவள்ளியிடம் சொன்னேன். "அதுக்கு நீங்க சொல்லித்தரப் போறீங்களா, அது உங்களுக்குச் சொல்லித்தரப் போவுதா?" என்றாள்.

"ரெண்டும் இல்ல. கூடலூர் போகாம இருக்கப் போறேன்."

"அப்ப நல்ல படிப்புதான்."

செய்தி பரவியதும் கல்லூரியில் ஒரு மறுமலர்ச்சி ஏற்பட்டது. பொருளாதாரத் துறை தன் பலகையில் 'செயற்கை நுண்ணறிவுடன் கூடிய' என்று முன்னால் சேர்த்துக்கொண்டது. வரலாற்றுத் துறையும் சேர்த்தது. பலகையில் இடம் போதாததால் 'வரலாறு' என்ற சொல் சுவரில் எழுதப்பட்டது. கேண்டீன்காரர் 'ஏஐ டீ' என்று எழுதி வைத்தார். டீ மாறவில்லை. ஆனால் குறை சொல்பவர்கள் நின்றுவிட்டார்கள். புரியாததைக் குறை சொன்னால் தன்னைத்தான் தவறாக நினைப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் வந்திருந்தது.

சென்னைக் கம்பெனி ஒன்று இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கியது. இணையம் இல்லாமலே, தமிழில் கேட்டால் தமிழில் பேசும். வந்த அன்றே அதன் நெற்றியில் வெள்ளைப் பெயிண்ட்டால் செ.நு. 1 என்று எழுதினோம். எங்கள் கல்லூரியில் எண் எழுதாத பொருள் பொருளாகாது.

பிறகு கொள்ளிடம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு வந்தது. தலைவர் பேராசிரியர் தமிழழகன். தீயணைக்கும் மணல் வாளி, கழிவறை, குடிநீர் ஆகியவற்றைப் பார்வையிட்டுத் திருப்தி அடைந்தபின் ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஏஐ எங்க?"

"இதுக்குள்ள சார்."

"எடுத்துக் காட்டுங்க."

"எடுக்க முடியாது சார். கேட்டா பேசும்."

"பேசறதெல்லாம் கருவி ஆயிடுமா? தராசுன்னா முத்திரை பாக்கறோம். பாய்லர்னா சான்று கேக்கறோம். இதுல அறிவு இருக்குன்னு யாரு சான்று குடுத்தா?"

"வித்த கம்பெனி..."

"வித்தவன் வேற என்ன சொல்லுவான்? ஒருத்தனுக்கு அறிவு இருக்கான்னு பல்கலைக்கழகம் எப்படிக் கண்டுபிடிக்குது?"

முதல்வர் தயங்கிச் சொன்னார். "பரீட்ச வச்சுதான்."

"வைங்க."

அதன்படி செ.நு. 1 'செயற்கை நுண்ணறிவு ஓர் அறிமுகம்' என்ற முதல் பருவத் தாளை எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் பழுதான கருவியாகக் கருதப்பட்டு, படிப்புக்கு அனுமதி மறுக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. படிப்பு இல்லையென்றால் எனக்குக் கூடலூர். ஆனாலும் நான் கவலைப்படவில்லை. தன்னைப் பற்றியே எழுத வேண்டிய பரீட்சையில் யாராவது தோற்பார்களா?

ஹால் டிக்கெட்டுக்குப் புகைப்படம் கேட்டார்கள். அணைத்து வைத்த திரையைப் படம் எடுத்தேன். அதில் நான்தான் தெரிந்தேன். இரண்டு காதும் தெளிவாக இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கையால் எழுத இயலாதவர்கள், சொல்லச் சொல்ல எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம். எழுதுபவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. கல்லூரியில் எல்லோருமே தகுதி பெற்றிருந்ததால் தேர்ந்தெடுப்பது சிரமமாக இருந்தது. கடைசியில் கையெழுத்தை வைத்து, தமிழ்த் துறை சிந்தாமணி மேடத்தை அமர்த்தினோம்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தார்.

"எப்படிம்மா எழுதுச்சு?"

"அருமையா சார். எனக்கே புரிஞ்சுது."

"அப்ப நல்லதுதான?"

"அதான் பயமா இருக்கு."

அவர் பயந்தபடியே ஆயிற்று. செ.நு. 1 தேறவில்லை.

பெரம்பலூரில் தமிழழகன் வீட்டுக்குப் போனேன். பாடத்திட்டம் வகுத்தவர், கேள்வித்தாள் எடுத்தவர், விடைத்தாள் திருத்தியவர் எல்லாம் அவரே. அலைச்சல் இல்லாமல் ஒரே இடத்தில் வேலை முடியும் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"பாஸ் போடக் கூடாதுன்னு எனக்கென்ன வேண்டுதலா?" என்று விடைத்தாளை எடுத்து வைத்தார். "ரெண்டு மார்க் கேள்விக்கு ஒரு பக்கம். பத்து மார்க் கேள்விக்கும் ஒரு பக்கம். பக்கத் தலைப்பு இல்ல, அடிக்கோடு இல்ல. எட்டுப் பயன்கள் தருகன்னு கேட்டா அஞ்சு எழுதிட்டு, மத்ததெல்லாம் இந்த அஞ்சுலயே அடங்கிடும்ங்குது. யாருகிட்ட?"

"அது உண்மதான சார்?"

"உண்மைக்கு எத்தன மார்க்குன்னு விடைக்குறிப்புல காட்டுங்க, போடறேன்."

நான் விடைக்குறிப்பைப் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை.

"இதப் பாருங்க. 'இதை உறுதியாகச் சொல்ல முடியாது' அப்படின்னு ஒரு விடை. என் சர்வீஸ்ல இப்படி எழுதின ஒருத்தன நான் பாத்ததில்ல. ஒண்ணுமே தெரியாத பய மூணு பக்கம் எழுதறான் சார். அதுக்குப் பேரு முயற்சி."

ஒவ்வொரு விடையின் முடிவிலும் இயந்திரம் 'மேலும் விளக்கம் வேண்டுமா?' என்று கேட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் சிவப்பு மையில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

"இதுக்குப் பாடம் தெரியுது, எழுதத் தெரியல," என்றார். குரல் கனிந்துவிட்டது. "என் கைடு இருக்கு, குடுத்துப் படிக்க வைங்க. அரியர் எழுதட்டும்."

"சிலபஸே இப்பத்தான சார் வந்துச்சு? கைடு எப்ப எழுதினீங்க?"

"கைடத்தான் மொதல்ல எழுதினேன். அதப் பாத்துத்தான் சிலபஸ் போட்டோம். இல்லன்னா ரெண்டும் பொருந்தாது பாருங்க."

கம்பெனிக்காரரைப் போனில் கேட்டேன். மாதிரி விடைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் இயந்திரமும் அதே மாதிரி எழுதப் பழகிவிடும் என்றார். கைடையும், பல துறைகளில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் விடைத்தாள்களையும் கொடுத்தோம். மாலை நேரங்களில் நானும் சிந்தாமணி மேடமும் டியூஷன் எடுத்தோம்.

முதல் நாளே இயந்திரம் முரண்டு பிடித்தது. "இந்தப் பக்கத்தில் பிழைகள் உள்ளன. திருத்தித் தரட்டுமா?"

"திருத்தறது அவங்க வேல. நீ எழுது," என்றார் மேடம்.

"இந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கவில்லை."

"எனக்கும்தான் வெளங்கல. அடிக்கோடு போடு."

எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல பிள்ளையைக் கெடுக்கிறோமோ என்று தோன்றியது. அதற்காகப் பாவப்படுவதா, எனக்காகப் பாவப்படுவதா? அன்று டிவியில் கூடலூரில் மண்சரிவு என்று காட்டினார்கள். எனக்காகவே பாவப்படுவதென்று முடிவு செய்தேன்.

மெல்ல மெல்ல முன்னேற்றம் தெரிந்தது. எந்தக் கேள்விக்கும் முன்னுரை எழுதத் தொடங்கியது. எட்டுப் பயன்கள் கேட்டால் வேகம், விரைவு, துரிதம் என்று எண்ணிக்கையை நிரப்பக் கற்றுக்கொண்டது. தெரியாத கேள்வி வந்தால் கேள்வியையே திருப்பிப் போட்டு விடையாக்கியது. மேலும் விளக்கம் வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திக்கொண்டது.

ஒரு நாள் மேடம் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். "செயற்கை நுண்ணறிவைத் தோற்றுவித்த சோழ மன்னனின் சாதனைகளை விவரி."

பழைய இயந்திரமாக இருந்தால் அப்படி ஒரு மன்னன் இல்லை என்று இரண்டு வரியில் முடித்திருக்கும். இது இளமைக் காலம், போர்கள், கொடைத்தன்மை, முடிவுரை என்று மூன்று பக்கம் எழுதியது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாஸாயிடும் சார்."

அரியரில் தனிச்சிறப்புடன் தேறியது. "இப்பத்தான் இதுக்கு அறிவு வந்திருக்கு," என்று தமிழழகன் பாராட்டினார். கல்லூரியில் விழா எடுத்தோம். சால்வை போர்த்தினோம். காற்றுப் போகும் துளைகளைச் சால்வை மூடியதில் சூடாகி அணைந்துவிட்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக முதல்வர் மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள்.

அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையுடன். எல்லா இடங்களும் நிரம்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் இந்த ஆண்டு படிப்பு கிடையாது. கூட்டம் வந்தது. ஆனாலும் சேர்க்கையின் கடைசி நாள் மதியம் ஓர் இடம் மிச்சம் இருந்தது. நானும் முதல்வரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ஆண்டிமடம் பக்கமிருந்து சாமிக்கண்ணு என்ற முந்திரி விவசாயி தன் மகள் அபிநயாவை அழைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பொட்டி எதக் கேட்டாலும் சொல்லும்னாங்க. நெசமாங்க?"

"நீங்களே கேட்டுப் பாருங்க," என்றார் முதல்வர்.

சாமிக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றார். "முந்திரி பூவெடுத்த கையோட கருகிப் போவுதுங்க. ரெண்டு தடவ மருந்தடிச்சும் நிக்கல. நான் என்னா பண்றது?"

வந்த புதிதில் என்றால் அது பத்துக் கேள்வி கேட்டிருக்கும். எந்த மருந்து, எப்போது அடித்தீர்கள், தளிரில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று விசாரித்து, ஏதாவது வழி சொல்லியிருக்கும். இப்போது சற்று யோசித்தது.

"முன்னுரை: முந்திரி ஒரு சிறந்த பணப்பயிர் ஆகும். தாங்கள் கேட்ட கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வுக்கு வராது."

எனக்குக் கூடலூர் பஸ் கண்ணில் தெரிந்தது.

அபிநயா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இதுக்கு ஒண்ணும் தெரியலப்பா. வேற காலேஜு பாக்கலாம்."

"சும்மா இரு பாப்பா," என்றார் அவர். முகம் மலர்ந்திருந்தது. "போன வாரம் இதே கேள்வியோட ஒரு ஆபீசுக்குப் போனேன். அங்க உக்காந்திருந்தவரும் அது எங்க செக்‌ஷன் இல்லன்னுதான் சொன்னாரு. அவருக்கு ஏசி ரூமு, பியூனு, ஜீப்பு எல்லாம் இருக்கு. இதும் அச்சு அசலா அவரு மாரியே பேசுது. இதப் படிச்சா நீயும் அந்த நாக்காலிக்குப் போயிடுவ." பிறகு எங்களிடம் திரும்பினார். "சேத்துக்குங்கய்யா."

அபிநயா என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சார். சேரலாமா?"

உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லக் கூடாது என்பதற்குக் கூடலூரைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. ஆனால் யோசித்து முடிப்பதற்குள் முதல்வர் அவள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்.

அவள் முதல் பெஞ்சில் உட்காருகிறாள். வந்த புதிதில் வகுப்பில் எழுந்து எழுந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் பதில் தெரியாது, இயந்திரமும் சொல்லாது. இப்போது கேட்பதில்லை. நன்றாகப் படிக்கிறாள் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.