மூன்றாம் தட்டு ஏறிய முகூர்த்தம்

உலக சரித்திரத்தில் எத்தனையோ கல்யாணங்கள் நிச்சயமாகியிருக்கின்றன. ஆனால் வீடியோ கேமில் இரண்டாம் சிடித் தட்டைக் கழற்றி மூன்றாம் தட்டைப் போடுவதற்குள், மூன்றே முக்கால் நிமிடத்தில், மதம் பார்க்காமல், ஜாதகம் பார்க்காமல், பஜ்ஜி கூடச் சாப்பிடாமல் ஒரு கல்யாணம் நிச்சயமானது மேற்குத் தாம்பரத்தில் மட்டும்தான். நாள்: 1999, ஜூலை பதினேழு, சனிக்கிழமை. நேரம்: காலை பத்து நாற்பத்திரண்டு. எங்கள் நெல்வயல் நகரில் இதை நம்ப மறுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மாப்பிள்ளையின் அப்பா.

பெண்ணின் அப்பா வேதசிரோமணி, முப்பத்தாறு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவர். அவர் பச்சைக்கொடி காட்டாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. அவர் ஓய்வு பெற்றதும் மஸ்கட்டில் இருக்கும் மைத்துனர் ஒரு கேம் இயந்திரம் அனுப்பிவைத்தார். பெட்டியின்மேல் ‘பேரப்பிள்ளைகளுக்கு’ என்று எழுதியிருந்தது. பேரப்பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரே மகள் யூனிஸுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆகவே, உரியவர்கள் பிறந்து வளர்ந்து பொறுப்பேற்கும் வரை அந்த இயந்திரத்தைத் ‘தற்காலிகமாகப் பராமரிக்கும்’ கடமை வேதசிரோமணியின் தலையில் விழுந்தது. அவர் கடமைக்கு அஞ்சியவரல்லர்.

உதவிக்கு எதிர்வீட்டு ராஜகோபால் வந்தார். நகர் முழுவதும் ஒரு காலத்தில் அவர் அப்பாவின் வயல். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து அவரும் ஓய்வு பெற்றிருந்தார். ஆபீசில் இருந்த நாளெல்லாம் பத்தரைக்கு முன் நாற்காலியில் உட்காராத மனிதர், இப்போது காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வேதசிரோமணி வீட்டு சோபாவில் ஆஜராகிவிடுவார். மாலை ஆறு வரை பணி. சாப்பாட்டுக்கு அரை மணி. வேதசிரோமணி பொத்தானை அமுக்குவார். ராஜகோபால் ஆலோசனை வழங்குவார்.

"லெஃப்ட்ல போங்க சார்."

"லெஃப்ட்ல பூதம் இருக்கே."

"அப்ப ரைட்ல போங்க."

"அங்கயும் இருக்கு."

"அப்ப நில்லுங்க. அதுவா வந்து இன்னா வேணும்னு கேக்கட்டும்."

மீசை முளைக்காத ஒரு வாள்வீரன் உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட கதை அது. தாலுகா ஆபீஸ் வேகத்தில் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்தது உலகம். வேதசிரோமணி பழைய பழக்கத்தை விடாமல் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைத்தார். ‘11.20: பூதம் எண் 14 எதிர்ப்பட்டது. 11.50: பூதம் வீழ்ந்தது. தாமதம் முப்பது நிமிடம். காரணம்: ராஜகோபாலின் ஆலோசனை.’

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமப்பவர்களுக்கு வீட்டில் நடப்பது காதில் விழுமா? வேதசிரோமணியின் மனைவி தபீதாள் ஒரு நாள் சோதித்தே பார்த்துவிட்டாள்.

"என்னங்க, மாடி டாங்க் ஒழுகுது."

"ம்."

"என்னங்க, டாங்க் மொத்தமா உடைஞ்சிடுச்சு."

"ம்."

"என்னங்க, நான் செத்துட்டேன்."

"ஆறு மணிக்கு மேல சொல்லு, தபீதா."

இப்படியிருக்கையில்தான் மே மாதத்தில் முதல் தட்டு முடிந்தது. அடுத்த தட்டைப் போடும்படி திரையில் உத்தரவு வந்தது. அந்தக் கேம் மொத்தம் நான்கு தட்டு.

வேதசிரோமணி எழுந்து நின்றார். விழுப்புரத்தில் இன்ஜின் மாற்றும் சடங்கை ஆயிரம் தடவை பார்த்தவர் அவர். அதற்குக் குறையாத மரியாதையோடு மூடியைத் திறந்தார். தட்டின் ஓரத்தை மட்டும் தொட்டு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையால் இரண்டாம் தட்டைத் துடைத்தார். சூடேறிய இயந்திரம் நேராக இருந்தால் தட்டைப் படிக்காது. அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்தார். விசில் ஊதினார். எல்லாம் சேர்ந்து மூன்றே முக்கால் நிமிடம்.

அந்த இடைவெளியில் தபீதாள் வழக்கம்போல், பதிலை எதிர்பாராமல், "டாங்க் ஒழுகுது" என்றாள்.

"அடடா! என்னிக்கிலேர்ந்து?" என்றார் வேதசிரோமணி.

தபீதாள் சமையலறைக்கு ஓடினாள். "யூனிஸ்! அப்பாவுக்குக் காது கேக்குதுடி!"

குரோம்பேட்டையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த யூனிஸ், தேர்வுத்தாளைத் திருத்திக்கொண்டே, "தெரியும்மா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து, முன்பு சொன்ன ஜூலை பதினேழு. இரண்டாம் தட்டு வெளியே வந்தது. கைக்குட்டையோடு வேதசிரோமணி நிமிர்ந்தபோது, டி.வி.க்கு முன்னால் யூனிஸ் நின்றிருந்தாள். பக்கத்தில் ஓர் இளைஞன். பின்னால் தபீதாளும் ராஜகோபாலின் மனைவி கங்கையம்மாளும்.

"அப்பா, நான் ஜெயவேலுவைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"எந்த ஜெயவேலு?"

"இவர்தாம்ப்பா."

சோபாவிலிருந்த ராஜகோபால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இவன் என் பையனாச்சே!"

"ஆமாம்பா" என்றான் ஜெயவேலு. பல்லாவரத்தில் வங்கி குமாஸ்தா.

"மீசை எப்படா வெச்சே?"

"மார்ச்சுலப்பா."

வேதசிரோமணி மகளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சியாம்மா?"

"மூணு வருஷமா யோசிச்சோம்ப்பா. ஏழு பதினெட்டு எலக்ட்ரிக் ட்ரெயின்ல."

ரயில் சாட்சி என்றபின் ஒரு கார்டு என்ன சொல்ல முடியும்? "எனக்குச் சரி" என்றார். ராஜகோபாலும் "சரி" என்றார். இயந்திரம் கவிழ்ந்தது. விசில் ஒலித்தது. மூன்றாம் தட்டு ஏறியது. இளைஞனும் யூனிஸும் கதவைத் தாண்டுவதற்குள் இரு தந்தையரும் பூதம் எண் 61இடம் திரும்பிவிட்டார்கள்.

செப்டம்பரில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. ‘இவ்வண்ணம், ராஜகோபால்’ என்று அதில் அச்சாகியிருந்தது.

"இது இன்னா புதுசா?" என்றார் ராஜகோபால். "நான் எப்ப சரின்னேன்? நடக்கவே இல்ல. அப்படியே சொல்லியிருந்தாலும் செல்லாது. சிடி மாத்துற நேரத்துல மனுஷன் மனுஷனாவே இருக்க மாட்டான்."

அன்றிரவு யூனிஸ் சாப்பிடவில்லை. இந்தத் தடவை வேதசிரோமணி அதைக் கவனித்தார். மூன்றாம் தட்டு இயந்திரத்தில்தான் இருந்தது. அவர் கைதான் அதற்குப் போகவில்லை.

விவகாரம் நெல்வயல் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் போனது. இரண்டு வருடமாக எரியாத தெருவிளக்கு பற்றிய தீர்மானத்தை ‘அவசரமில்லை’ என்று ஒதுக்கிவிட்டு, சங்கம் ஞாயிறு மாலை கூடியது. நாற்பத்தெட்டு பேர் வந்தார்கள். தலைவர் சுப்பராயலு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். விவாதப் பொருளை உரக்க வாசித்தார்: "ஆட்டத்தின் நடுவே தட்டு மாற்றுவது ஆட்ட அனுபவத்தைக் கெடுக்கிறதா? கெடுக்கிறது எனில், அந்நேரத்தில் கொடுத்த சம்மதம் செல்லுமா?"

ராஜகோபால் எழுந்தார். "தலைவர் அவர்களே! வீரன் குகை வாசல்ல நிக்கிறான். கதவு தெறக்குது. உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு உயிர் துடிக்குது. அந்த நேரம் பாத்து சிடியை மாத்துன்னா? அப்பிடியே பாதி சோத்துல கையைப் புடிச்சி இழுத்த மாதிரி. தடுமாறிப் போயிக் கீறேன். தடுமாறினவன் எதுக்கு வேணா சரின்னு சொல்வான். அனுபவமும் கெட்டுச்சு, நானும் கெட்டேன்!"

பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேர் அந்தக் கேமை ஜன்னல் வழியாகப் பார்த்துவந்தவர்கள்.

"தொழில்நுட்ப நிபுணர்" என்று சுப்பராயலு கூப்பிட்டார். பம்மலில் டி.வி. ரிப்பேர் கடையும் சிடி வியாபாரமும் வைத்திருந்த சம்பத் முன்னால் வந்தான்.

"ஏம்ப்பா, நடுவுல மாத்தத் தேவையில்லாத கேம் உலகத்துல இல்லியா?"

"இன்னா சார் இப்பிடிக் கேட்டுட்டே? கடை முழுக்க அதான் கீது! ஒரே சிடி, போட்டா பொங்கல் வரிக்கும் ஓடும். நான் அதத்தான் எடுத்துக் குடுத்தேன். அந்தப் பொண்ணுதான் வாணாம்னுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"அதோ, யூனிஸ் டீச்சர். ‘அண்ணா, இருக்கிறதுலயே நெறைய தடவ மாத்த வேண்டியது எது?’ன்னு கேட்டுச்சு. நானும் ரெண்டு சிடி காமிச்சேன், பத்தாதுன்னுச்சு. மூணு காமிச்சேன், ஒரு தடவ தப்பினா இன்னா பண்றதுன்னுச்சு. நாலு குடுத்தேன். அஞ்சு கீதான்னு கேட்டுச்சு சார்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யூனிஸ் எழுந்து நின்றாள்.

"மஸ்கட்லேர்ந்து மிஷினோட ஒரு கார் ரேஸ் வந்துச்சு சார். ஒரே சிடி. ஒண்ணரை மாசம் அப்பா தலையைத் தூக்கல. துடைக்கிறதுக்காக அதை வெளியே எடுக்கிறப்ப மட்டும் ‘என்னம்மா, சாப்பிட்டியா’ன்னு கேட்டார். அதான்..." என்று நிறுத்தினாள். "அதான் நாலு வாங்கினேன்."

வேதசிரோமணி கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை தட்டைத் துடைக்க அல்ல.

"சூழ்ச்சி!" என்றார் ராஜகோபால். "பாத்தீங்களா? நான் ஒண்ணும் சொல்லல. ரெக்கார்டு இருக்குதா?"

தாலுகா ஆபீஸ்காரர் கேட்கக்கூடாத கேள்வி அது. வேதசிரோமணி பையிலிருந்து நோட்டை எடுத்தார். தலைவரிடம் நீட்டினார். சுப்பராயலு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இருபத்தைந்து வருடம் வருகைப் பதிவேடு வாசித்த குரலில் வாசித்தார்.

"ஜூலை 17. காலை 10.42, தட்டு இரண்டு வெளியே. 10.43, யூனிஸ் – ஜெயவேலு திருமணம், இரு தரப்பும் சம்மதம். 10.44, இயந்திரம் கவிழ்க்கப்பட்டது. ராஜகோபால் தம் மனைவியிடம், ‘கங்கா, உன் தலை எப்ப இப்படி நரைச்சுது?’ என்று கேட்டார். 10.45 முக்கால், தட்டு மூன்று உள்ளே."

கங்கையம்மாள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சுப்பராயலு பக்கங்களைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார். "வேதம் சார், எட்டு மாச நோட்டு. பூதம், பூதம், குகை, பூதம். ராஜகோபால் ஆலோசனையை விட்டா, மனுஷங்க பேரே ரெண்டு எடத்துலதான் வருது. தட்டு மாத்தின ரெண்டு எடத்துல."

வேதசிரோமணி தலையாட்டினார். எழுதியவருக்குத் தெரியாதா? ஒரு வண்டியைக்கூடத் தவறவிடாத கார்டு, சொந்த வீடு புறப்பட்டுப் போவதைக் கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்துக்கொண்டு, பூதத்துக்குப் பச்சைக்கொடி காட்டியிருக்கிறார்.

"எனக்குக் கடைசியா ஒண்ணு தெரியணும்" என்றார் சுப்பராயலு. "ராஜகோபால், அது நடந்துச்சா, நடக்கலியா?"

ராஜகோபால் தரையைப் பார்த்தார். மகனின் மீசையைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். முந்தானை விலகிய இடத்தில் வெள்ளை முடி தெரிந்தது.

"நடந்துச்சு" என்றார். "தடுமாறல்லாம் இல்ல சார். நல்ல நிதானத்துலதான் சரின்னேன். எட்டு மாசத்துல நான் ஊர்ல இருந்ததே அந்த மூணே முக்கா நிமிஷந்தான்."