ஒரு பேரிங்கும் கால் கிலோ வரமிளகாயும்

"இன்னைக்குப் பொழுதெறங்கறதுக்குள்ள அது ஓடோணுமுங்க. இல்லீனா நாளைக்குப் பழைய இரும்புக்கடைக்காரர வரச் சொல்லிப்போடுவேன்."

சொல்லிவிட்டு, மாவு வாளிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள் புவனா.

'அது' என்பது அவள் கணவன் கிருபாசங்கரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், வயது இருபத்தாறு. புவனாவின் இட்லி மாவுக்குச் சரவணம்பட்டி ஐ.டி. பிள்ளைகளிடம் ஏகக் கிராக்கி. இரண்டாவது கிரைண்டர் போட, கார் நிற்கும் ஷெட் அவளுக்கு வேண்டும். காரோ பத்து நாளாக, ஸ்டார்ட் செய்தாலே 'கர்ர்ர்' என்று அலறியது.

கிருபாசங்கருக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கார் இல்லாமல் ஆகாது. மெக்கானிக் யூனுஸ் தங்கை கல்யாணத்துக்குப் பாலக்காடு போயிருந்தான். போனால் என்ன? கிருபாசங்கர் பம்ப் கம்பெனியில் டிசைன் என்ஜினியர். கோயமுத்தூர்க்காரனுக்குக் கழற்றத் தெரியாத பொருள் உலகத்தில் கிடையாது. திரும்ப மாட்டும்போதுதான் சில சமயம் சிக்கல் வரும்.

கழற்றிப் பார்த்தான். டைமிங் பெல்ட்டைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குள் பேரிங் செத்துப்போயிருந்தது. அப்படியே ஓட்டினால் பெல்ட் நழுவும், என்ஜினே காலி. பேரிங்கில் வெள்ளையாக என்னவோ காய்ந்து அப்பியிருந்தது. லேசான புளிப்பு வாசம் வேறு. கிரீஸ் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் திறந்திருக்காது. பேரிங் நம்பரைப் பார்த்தபடி நின்றவனின் கண், மெதுவாகப் புவனாவின் கிரைண்டர் பக்கம் போனது.

திறந்தான். அதே நம்பர்! அதுவும் பளபளவென்று. 'மாவாட்டுறதுக்கு இத்தனை நல்ல சாமானா!' என்று வியந்தபடி அதைக் காருக்கு மாட்டினான். செத்த பேரிங்கைக் கிரைண்டருக்குள் திணித்தான். விடிந்ததும் புதிது வாங்கி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கார் சத்தமே காட்டாமல் ஓடியது. சாயங்காலம் புவனா கிரைண்டரைப் போட்டாள். தெருவே எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க! யாரோ பேரிங்க மாத்திப்போட்டாங்க!"

அவளுக்குப் பேரிங் என்ற சொல் தெரியும் என்பதே கிருபாசங்கருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அரிசில கல்லு கெடந்திருக்கும் அம்மணி."

"கல்லுச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? இருங்க, யூனுஸுக்குப் போன் போடறேன்."

யூனுஸ் வந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். கிருபாசங்கருக்கு வியர்த்துக் கொட்டியது.

"கல்யாண ஊட்டுல இருக்கறவனை எதுக்குத் தொந்தரவு பண்ணறே? வெளியாளு எவனோ எடுத்திருப்பான். மாசாணியம்மா பாத்துக்குவா, உடு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புவனா போனைக் கீழே வைத்தாள்.

"நல்ல ரோசனைங்க. நாளைக்கே ஆனைமலை போய் மொளகா அரைச்சுப்போட்டு வந்தர்லாம். உங்க காருதான் இப்ப ஓடுதுங்கல்ல?"

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், திருடியவன் உடம்பெல்லாம் பற்றி எரியும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. தன்னை எரிக்கப்போகும் கால் கிலோ வரமிளகாயை, களவாண்ட பேரிங்கில் ஓடும் காரில் வைத்து, லீவும் போட்டுவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனான் கிருபாசங்கர். கிணத்துக்கடவு தாண்டும்போதே காது மடல் எரிந்தது.

"என்னங்க, முகமெல்லாம் செவந்துருச்சு?"

"வெயிலு," என்றான். வானம் மூடிக் கிடந்தது.

கோயிலில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த புவனா, மிளகாயை அள்ளிய கையை அப்படியே நிறுத்தினாள்.

"வேண்டாமுங்க."

"ஏன் அம்மணி?"

"எடுத்தவங்களுக்கு என்ன அவசரமோ, என்ன கஷ்டமோ. பாவம், மன்னிச்சு உட்ரலாமுங்க." அவள் நெற்றியிலும் வியர்வை.

கிருபாசங்கர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இப்பேர்ப்பட்ட மனசுக்காரியிடமா கைவைத்தோம்! அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"நாந்தான் எடுத்தேன் புவனா. காரை வித்துப்போடறேன். ஷெட்டு உனக்குத்தான்."

வாய் கிழியத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவேயில்லை. அம்மன் இருந்த பக்கம் திரும்பாமல், "சரி உடுங்க, போலாம்," என்று விறுவிறுவென்று நடந்தாள். மிளகாய்ப் பையைக்கூட மறந்துவிட்டாள். என்ன பொறுமை, என்ன பெருந்தன்மை என்று வழி நெடுக உருகினான் கிருபாசங்கர்.

வீட்டு வாசலில் யூனுஸ், கல்யாணப் பலகாரப் பையோடு நின்றிருந்தான்.

"யூனுஸு, இந்த வண்டிக்கு ஒரு நல்ல ஆளாப் பாரப்பா. வித்தர்லாம்," என்றான் கிருபாசங்கர், காரைத் தடவியபடி.

"மொதல்ல உள்ள வா யூனுஸு, காப்பி குடிக்கலாம்," என்று குறுக்கே பாய்ந்தாள் புவனா.

"இருக்கட்டுங்க்கா," என்று சிரித்தான் யூனுஸ். "நான் ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளு, அண்ணன் ஆபீஸ் போயிருந்தப்போ, இந்தக் கார்லருந்து கழட்டி உங்க கிரைண்டருக்கு மாட்டுனமே, அந்தப் பேரிங் நல்லா ஓடுதுங்களா?"